காதுக்குப் போன கை

பட்டாபிராமனின் பென்சில் எப்போதும் வலது காதின்மேல்தான் இருக்கும். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கை எண்ணிப் பதியும் டாலி குமாஸ்தாக்கள் எல்லோருமே பென்சில் வைத்திருந்தார்கள். சிலர் சட்டைப் பையில், சிலர் கையில். பட்டாபிராமன் இரண்டையும் முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டார். கல்கத்தா வெயிலில் கையிலேயே வைத்திருந்தால் வியர்வை பென்சில் வழியாக இறங்கித் தாளை நனைத்தது. பையில் வைத்தால் எடுக்க நேரமாயிற்று.

அவருடைய வேலை மூட்டை எண்ணுவது. ரங்கூனிலிருந்து அரிசிக் கப்பல் வந்தால், அடியிலிருக்கும் சரக்கறையில் கூலிகள் பத்துப் பத்து மூட்டைகளாக ஸ்லிங் என்னும் கயிற்று வளையத்தில் அடுக்குவார்கள். மேல்தளத்தில் இருக்கும் வின்ச் என்னும் தூக்கு யந்திரம் அந்தச் சுமையைத் தூக்கிக் கரையில் வைக்கும். ஒவ்வொரு சுமைக்கும் புத்தகத்தில் ஒரு கோடு. நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். மற்ற குமாஸ்தாக்கள் சுமை கரையில் இறங்கிய பிறகு எண்ணினார்கள். அதற்குள் ஒரு மூட்டை நழுவியிருக்கும், யாராவது கூப்பிட்டிருப்பார்கள், பன்னிரண்டு மணிக்குக் கப்பல் கணக்கும் கரைக் கணக்கும் ஒத்துப்போகாது. சுமை சரக்கறை வாயின் விளிம்புக்கு வரும் அந்த ஒரு நொடிதான் அது ஆடாமல் நிற்கிறது என்பதைப் பட்டாபிராமன் தானாகவே கண்டுகொண்டார். அப்போது கண் எண்ணும், கை காதுக்குப் போகும், கோடு விழும், பென்சில் திரும்பக் காதுக்குப் போகும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 1907-ல் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தவர், பத்தொன்பது வருஷம், வேலை நன்றாக நடக்கும் நாளில் நானூறு தடவை இதைச் செய்தார். அவர் புத்தகத்தைப் பார்த்த பிறகு கப்பல்காரனும் வாதாடமாட்டான், கரைக்காரனும் வாதாடமாட்டான்.

1926 சித்திரையில் நகரத்தில் ஹிந்து முஸ்லிம் கலவரம் மூண்டது. துறைமுகத்தைச் சுற்றியிருந்த குடிசை வரிசைகளிலும் தீ வைத்தார்கள். சரக்கறையில் வேலை செய்த கூலிகள் ஆரா ஜில்லாவிலிருந்து வந்த ஹிந்துக்கள். அவர்களுக்குத் தலைவர் ஜக்தேவ் சர்தார். வின்ச் ஓட்டியவர் நோவாகாளிக்காரர் ஈசாக் மியா. ஜக்தேவின் தம்பி மகன் பாலத்தருகே வெட்டுப்பட்டு இறந்தான். ஈசாக் மியாவின் அண்ணன் ஒரு காலை வெளியே போனவர் திரும்பவில்லை. இருவரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே கப்பல்களில் வேலை செய்தவர்கள்.

ராணுவம் வந்து தெருக்கள் அடங்கின. ஆனால் கப்பல்கள் அசையவில்லை. காரணம் ஒரு மனிதன். சரக்கறை வாயருகில் நின்று வின்ச்சுக்குக் கையால் சைகை காட்டுகிறவனை நம்பித்தான் கீழே ஆட்கள் நிற்க முடியும். வின்ச் ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது, கையைத்தான் பார்ப்பார். கை உயர்ந்திருந்தால் சுமை ஏறும், தாழ்ந்தால் இறங்கும், முஷ்டி மூடினால் நிற்கும். எட்டு வருஷமாக அந்த இடத்தில் நின்றவன் ரோஷன், ஈசாக் மியாவின் மைத்துனன். அவன் கைக்குக் கீழே இனி நிற்கமாட்டோம் என்றார்கள் ஜக்தேவின் ஆட்கள். அவர்களில் ஒருவனை நிறுத்தலாம் என்றால் ஈசாக் மியா வின்ச்சைத் தொட மறுத்தார். அவன் தப்பாகக் கை காட்டிக் கீழே ஒருவன் செத்தால் தூக்கில் தொங்கப்போவது நான்தான் என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஷெட்டில் இரு தரப்பையும் உட்காரவைத்தார்கள். பேசப்பட்டதை எழுதிக்கொள்ளப் பட்டாபிராமனும் போயிருந்தார். பேச்சு நின்றுபோன ஒரு கட்டத்தில் ஜக்தேவ் அவரைக் காட்டினார்.

"மதராசி பாபு நிக்கட்டும். அவர் எங்க ஆளும் இல்லை, அவங்க ஆளும் இல்லை."

அவர் கை பொய் சொல்லாது என்றார் ஈசாக் மியா. அந்தக் கையெழுத்தைத்தான் இருவரும் நம்பிப் பழகியிருந்தார்கள். எனக்கு எண்ணத்தான் தெரியும், சைகை வேறு வேலை என்று பட்டாபிராமன் மறுத்துச் சொன்னார். அடக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். மேலதிகாரியின் உத்தரவும் மறுநாளே வந்துவிட்டது.

பவானிபூர் வீட்டில் அவர் மனைவி பாகீரதி இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. "ரெண்டு பேருக்கும் வேண்டியவான்னு கூப்பிடலை. ரெண்டு பேருக்கும் வேண்டாதவா. ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேருமா சேர்ந்துண்டு அடிப்பா" என்றாள்.

அந்த வாரம் வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தார். பாகீரதியின் அண்ணனுக்குச் சிநேகிதர், பெயர் அனந்தகிருஷ்ணன். கலவரம் நடந்த ஊர்களுக்கெல்லாம் போய், ஜனங்கள் மறுபடி எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று சென்னை மாதப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தார். வந்த மூன்றாம் நாளே கல்கத்தாவாசிகளின் சுபாவம் பற்றி எட்டுப் பக்கம் எழுதிவிட்டார். சாப்பிடும்போது அதை வாசித்தும் காட்டினார். இந்த ஊரார் மெல்லிய மனம் படைத்தவர்கள், கோபம் வந்த வேகத்தில் போய்விடும் என்று அதில் இருந்தது. பாகீரதி ரசம் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"கடைக்குப் போய் நீங்க ஒரு கத்திரிக்காய் வாங்கலை. அதுக்குள்ளே ஊர் மனசு தெரிஞ்சுடுத்தா அண்ணா?"

அனந்தகிருஷ்ணன் சிரித்தார். சைகை காட்டும் விஷயம் காதில் விழுந்ததும், தாமும் கப்பலுக்கு வருவதாகச் சொன்னார். பகைவர்கள் சேர்ந்து வேலை செய்யும் முதல் நாளை நேரில் பார்த்து எழுதினால் கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைக்கும்.

பட்டாபிராமன் இரண்டு நாள் பால்கனியில் நின்று கையை ஏற்றி இறக்கிப் பழகினார். கப்பலுக்குப் போன காலை பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டார். டாலி புத்தகம் அன்றைக்கு வேறொரு குமாஸ்தாவிடம் இருந்தது.

ஏழு மணிக்கு ஜக்தேவும் அவர் ஆட்களுமாகப் பதினெட்டுப் பேர் ஏணி வழியாகச் சரக்கறைக்குள் இறங்கினார்கள். மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி ஒவ்வொருவர் தோளிலும் தொங்கியது. எப்போதும் பேசிக்கொண்டே இறங்குகிறவர்கள் அன்று வாய் திறக்கவில்லை. இறங்கிய ஒவ்வொருவனும் மேலே வின்ச் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தான். ஈசாக் மியா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டு பட்டாபிராமனின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில், ஷெட்டின் நிழலில், ரோஷன் குந்தியிருந்தான். வேலை இல்லாவிட்டாலும் மூன்று வாரமாகத் தினமும் வந்து அங்கே உட்கார்ந்தான்.

முதல் சுமை ஏறும்போது கீழே எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.  பட்டாபிராமனின் கை தாழவில்லை. சுமை விளிம்பைத் தாண்டிக் கரைக்குப் போனது. இரண்டாவதும் போனது. இருபதாவது சுமைக்குக் கீழே உள்ளவர்கள் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார்கள். முப்பதாவது சுமை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை அடுக்கத் தொடங்கினார்கள். வேலை என்றால் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஒதுங்கி நின்றால் ஒரு கப்பலுக்கு ஒரு மாதம் ஆகும். யாரோ மெதுவாக இழுப்புப் பாட்டை ஆரம்பித்தான், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஈசாக் மியா ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அனந்தகிருஷ்ணன் மேல்தளத்தில் நிழலில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். "தீர்ந்தது ஓய். பழையபடி ஆயிட்டா" என்றார்.

பட்டாபிராமனின் நெஞ்சும் அப்போதுதான் முதல் தடவையாகச் சற்று இளகியது. நாற்பத்திரண்டாவது சுமை விளிம்புக்கு வந்து ஆடாமல் நின்றது. பத்து மூட்டை. கண் எண்ணியது, கை காதுக்குப் போயிற்று.

காதில் பென்சில் இல்லை. தாழ்ந்த கையைப் பார்த்த ஈசாக் மியா பிடியைத் தளர்த்தினார். இறங்கிய சுமை விளிம்பில் இடித்துச் சாய்ந்தது. அடியிலிருந்த இரண்டு மூட்டைகள் வளையத்திலிருந்து வழுக்கிப் போயின. ஒன்று பலகைமேல் விழுந்து வெடித்தது. மற்றது லோட்டன் என்பவனின் தோளில் விழுந்தது.

பாட்டு நின்றது. லோட்டன் கத்தவில்லை. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தான். யாரோ ஒருவன் மேலே பார்த்து, ஈசாக் மியாவின் அண்ணன் பெயரைச் சொல்லி, அவனுக்காக ஈசாக் பழி தீர்த்துக்கொண்டான் என்றான். அதற்குப் பிறகு ஏணியில் ஆட்கள் ஏறும் சத்தம்தான். ஜக்தேவும் அவர் ஆட்களும் ஒவ்வொருவராக மேல்தளத்துக்கு வந்தார்கள். தோளில் இருந்த கொக்கிகள் இப்போது கையில் இருந்தன.

ஈசாக் மியா வின்ச்சை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு நின்றார். ஓடவில்லை. ஓட இடமும் இல்லை, பின்னால் தண்ணீர்.

"பாபு கையை இறக்கினார். நான் இறக்கினேன்" என்றார்.

யாரும் பட்டாபிராமனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு மூட்டை தப்பாதவர் அவர். ஈசாக் மியாவின் பக்கத்துக் கப்பல் சிப்பந்திகளான கலாசிகள் நாலைந்து பேர் கப்பலின் மறுபுறத்திலிருந்து ஓடி வந்தார்கள். அவர்கள் கையில் இரும்புக் கம்பிகள் இருந்தன. கரையில் ரோஷன் எழுந்து நின்றுவிட்டான்.

அனந்தகிருஷ்ணன் பட்டாபிராமனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எழுதியதை அடித்துவிட்டு, அதன்கீழே புதிதாக ஒரு வரியும் எழுதியிருந்தார். அவர் தமிழில் பேசினார், மெதுவாக.

"நீர் வாயைத் திறக்காதேயும். நான் பார்த்தேன், அந்த வின்ச்காரன் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது. நமக்கு இதில் என்ன ஓய்? ரெண்டு பக்கமும் நம்மவா இல்லை. மெதுவா இறங்கிப் போயிடலாம், வாரும்."

அங்கே அந்தப் பேச்சு வேறு யாருக்கும் புரியாது. ஆனால் ஈசாக் மியா அந்த இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் உயிர் அந்தப் பாஷையில்தான் பேசப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பட்டாபிராமன் தம் கையைப் பார்த்தார். அது இன்னும் காதருகில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜக்தேவின் முன்னால் போய் நின்றார்.

"சர்தார், அவர் சொல்றது நிஜம். என் கைதான் இறங்கித்து. பென்சில் எடுக்கப் போயிடுத்து" என்று தமக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியில் சொன்னார்.

ஜக்தேவ் அவரை நம்பவில்லை. நல்ல மனிதர், ரத்தம் பார்க்கப் பயந்து பழியைத் தம்மேல் போட்டுக்கொள்கிறார் என்று தம் ஆட்களிடமே சொன்னார். ஓரமாகப் போங்கள் பாபு என்று அவரைத் தோளில் தொட்டு விலக்கினார். கொக்கிகள் ஓரடி முன்னே வந்தன.

அப்போது பட்டாபிராமன் செய்ததை, பயந்த மனிதன் செய்வது என்று யாரும் சொல்ல முடியாது. நகராமல் நின்று, என்னைச் சோதித்துப் பாருங்கள் என்றார். பிறகு அதிலேயே ஒரு திருத்தமும் சொன்னார். வெறும் ஸ்லிங்கைத் தூக்கினால் பயனில்லை. அதில் எண்ண ஒன்றுமில்லை. மூட்டை வேண்டும். கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. ஈசாக் மியா என் கையைப் பார்க்காமல் மெதுவாகத் தூக்கட்டும். என் கை என்ன செய்கிறதென்று நீங்கள் பாருங்கள்.

 ஜக்தேவ் நாலு பேரைக் கீழே அனுப்பினார். முதலில் லோட்டனைப் பலகையில் கட்டி மேலே கொண்டுவந்தார்கள். அவனைக் கப்பல் வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜக்தேவும் கீழே இறங்கினார். மூட்டைகளைத் தாமே நின்று அடுக்கவைத்தார். எல்லோரும் மேலே ஏறி வந்ததும் ஈசாக் மியாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஈசாக் மியா பிடியைத் தொட மறுத்தார். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் என்னை யார் காப்பாற்றுவார் என்றார். பட்டாபிராமன் அவரிடம் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தம்மிடம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தூக்குங்கள் என்று மட்டும் சொன்னார். வின்ச் ஓடியது.

பட்டாபிராமன் கையை உயர்த்தினார். இருபத்தைந்து ஜோடிக் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. அவர் இப்போது வேறொன்றுக்குப் பயந்தார். கை தாழாமலே இருந்துவிட்டால்? இத்தனை கண்களுக்கு முன்னால் அது விறைத்து நின்றுவிட்டால் ஈசாக் மியாவின் கதை முடிந்தது. வேண்டுமென்றே இறக்கவும் முடியாது, அது பொய். பத்தொன்பது வருஷத்தில் அவர் போடாத கோடு அது. எண்ணினால் போதும், மற்றதைக் கை பார்த்துக்கொள்ளட்டும் என்று சுமையையே பார்த்தார். அது இருட்டிலிருந்து ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. விளிம்புக்கு வந்தது. நின்றது.

கை காதுக்குப் போயிற்று. அதோடு வாயும் திறந்தது.

"ஒம்பதுதான் இருக்கு."

சொன்னது தமிழில். சொன்ன பிறகே அவருக்கு உறைத்து, அதையே ஹிந்துஸ்தானியில் மறுபடி சொன்னார். ஒரு மூட்டை குறைகிறது.

ஜக்தேவ் சுமையைப் பார்த்தார். ஒன்பதுதான். ஒன்றைக் குறைத்து அடுக்கியது அவர்தான். அடுக்கிய நாலு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் ஒருவன் மூக்கால் சிரித்தான். இன்னொருவன், செத்தாலும் இந்த மதராசி எண்ணிக்கொண்டேதான் போவான் என்றான். சிரிப்பில் இரக்கம் எதுவும் இல்லை. ஆனால் கொக்கிகள் தாழ்ந்தன.

ஜக்தேவ் பட்டாபிராமனின் முன்னால் வந்தார். அவர் கோபம் முழுவதும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"எங்க ஆளும் இல்லை, அவங்க ஆளும் இல்லைன்னு உங்களை நிறுத்தினேன். அது என் முட்டாள்தனம். வேலை தெரிஞ்சவனை நிறுத்தியிருக்கணும்."

பிறகு கப்பலின் ஓரத்துக்குப் போய்க் கரையைப் பார்த்து ரோஷனைக் கூப்பிட்டார். ரோஷன் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. மேல்தளத்தில் ஆட்கள் அவனுக்கு வழி விட்டார்கள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சரக்கறை வாயருகில் போய் நின்றதும், ஜக்தேவ் முதலில் கீழே இறங்கினார். இறங்கி, சுவரோரம் போகாமல், நடுவில் நின்றார். அவர் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் இறங்கினார்கள். அந்தக் கப்பல் முடிய ஒன்பது நாள் ஆயிற்று.

லோட்டனின் தோள் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அது கூடியபோது கோணலாகக் கூடியது. மூட்டை தூக்கும் வேலை அவனுக்கு அத்தோடு போயிற்று. பட்டாபிராமன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் மூன்று வாரம் லோட்டன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாலாவது வாரம், "பாபு, கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றான். பிறகு அவனுக்கு ஷெட்டில் கதவு காக்கும் வேலை கிடைத்தது. அதற்கு எழுதப்பட்ட மனுக்கள் ஏழும் பட்டாபிராமனின் கையெழுத்தில் இருந்தவை. அவருடைய சொந்தப் பதிவேட்டில் 'கவனக் குறைவால் ஆள் காயம்' என்று ஒரு வரி ஏறியது. தலைமைக் குமாஸ்தா ஆகும் முறை இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனது. அந்த வரி சரிதான் என்று பாகீரதியிடம் சொன்னார். 

அனந்தகிருஷ்ணன் சென்னைக்குப் போய் எழுதியது ஆனி மாதம் வந்தது. கிடர்பூரில் பகைவர்கள் கண்ணீர் மல்கத் தழுவிக்கொண்டதாக அதில் இருந்தது. யந்திரக் கோளாறினால் நேர்ந்த சிறு விபத்து ஒன்றையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார். யாரும் தழுவவில்லை, யந்திரத்தில் கோளாறு இல்லை, வின்ச் ஓட்டியவர்மேல் குற்றமே இல்லை, கை தம்முடையது என்று பட்டாபிராமன் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். அது வரவில்லை. இன்னொரு பிரதி எடுத்து அனுப்பினார். அதுவும் வரவில்லை.

ஜூலையில் நகரத்தில் மறுபடி ரத்தம் சிந்தியது. மறுநாள் காலை பட்டாபிராமன் டிராம் கிடைக்காமல் மைதானத்தைச் சுற்றி நடந்து கப்பலுக்கு வந்து சேர்ந்தார். ரோஷன் சரக்கறை வாயருகில் நின்றான். ஈசாக் மியா வின்ச்சில் இருந்தார். ஜக்தேவின் ஆட்கள் இறங்கியிருந்தார்கள், ஆனால் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முதல் ஸ்லிங் அடுக்கியாகிவிட்டது. அதைத் தூக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ரோஷனின் கை இடுப்பருகிலேயே இருந்தது. கீழேயிருந்து பதினேழு முகங்கள் மேலே பார்த்தன.

பட்டாபிராமன் புத்தகத்துடன் தம் இடத்தில் வந்து நின்றார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் பென்சிலைக் காதில் வைப்பதை விட்டுவிட்டார். நூலால் புத்தகத்தோடு கட்டியிருந்தார். இரண்டு மாதமாக அந்தத் துறைமுகத்தில் கூலியும் கலாசியும் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் வலது கையால் காதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்கள்.  அவர் பார்க்காதது போல நடந்துவிடுவார்.

சரக்கறை வாயின் விளிம்புக்குப் போய், கீழே உள்ளவர்களுக்கும் வின்ச்சுக்கும் தெரியும்படி நின்றார். வலது கையை மெதுவாகத் தூக்கி, ஒன்றும் இல்லாத காதைத் தொட்டார்.

கீழே ஒருவன் களுக்கென்றான். ஈசாக் மியாவின் மீசை அசைந்தது. "அந்தக் கையைக் கட்டி வையுங்கப்பா, இன்னிக்கு என் தோள் வேணும்" என்று ஜக்தேவின் குரல் கேட்டது.

ரோஷன் கையை உயர்த்தினான். சுமை ஏறியது. பட்டாபிராமன் நூலைப் பிடித்துப் பென்சிலை இழுத்து முதல் கோட்டைப் போட்டார்.